பின்னால் ஓர் அறை கட்டுமுன்...



லயத்து வீடு நமக்குச் சொந்தமல்ல. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டியதுதான். அதனால் சேமநிதிப் பணத்தில் பலர் சின்ன வீடாவது வாங்கிவிடுகிறார்கள். மகனுக்குக் கல்யாணம் என்றதும், பின்னால் ஓர் அறையும் அடுப்படியும் கட்டலாம் என்று தோன்றுகிறது. நல்ல எண்ணந்தான். ஆனால் அதற்கு முன் நிலத்தை நன்றாகப் பாருங்கள்.

என் மாணவி ஒருத்தியின் தாத்தா முப்பது வருடம் பால் வெட்டியவர். இளைய மகனுக்காகப் பின்னால் அறை கட்டினார். கூரை போட்ட பிறகுதான், சுவர் கால்வாய் ஓரத்து அரசாங்க நிலத்தில் மூன்றடி புகுந்திருப்பது தெரிந்தது. இடிக்க வேண்டியதாயிற்று. "வேலி அங்கேதானே இருந்தது, வாத்தியாரே!" என்றார். வேலி யாரோ போட்டது. எல்லையைச் சொல்வது கல்.

முதலில் கிராண்டைப் படியுங்கள். கட்டட நிலமா, விவசாய நிலமா? 'ஷாராட் ஞாத்தா' என்ற இடத்தில் என்ன நிபந்தனை? குத்தகை நிலமானால் எத்தனை வருடம் மிச்சம்? கிராண்டு கையில் இல்லையென்றால் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி 'சாரியான்' எடுக்கலாம். மலாய் படிக்கச் சிரமமா? பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எல்லைக் கல். மூலைக்கு மூலை தேடுங்கள். கிடைக்காவிட்டால் உரிமம் பெற்ற நில அளவையாளரை அழையுங்கள். செலவுதான், ஆனாலும் சுவரை இடித்துக் கட்டுவதைவிடக் குறைவு.

மூன்றாவது, தண்ணீர். பெருமழை நாளில் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போய் நில்லுங்கள். தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். புதுக் கூரைத் தண்ணீர் அண்டை வீட்டில் விழக்கூடாது. மலத்தொட்டியின் மேலும் கட்டாதீர்கள்; பிறகு கழிவை இறைக்க வழியிருக்காது.

கடைசியாக, அனுமதி. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி, ஊராட்சி மன்றத்தின் எழுத்து மூலமான அனுமதியை முன்கூட்டியே பெறாமல் கட்டடம் எழுப்பக்கூடாது. கட்டிவிட்டு அனுமதி கேட்பது, தாலி கட்டிவிட்டுப் பெண் பார்க்கப் போவது போல!

அந்தப் பெரியவரின் மகனுக்குக் கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஆனால் புது மணமக்கள் இன்று வாடகை வீட்டில் இருக்கிறார்கள். இடித்த செங்கல் அவர் வாசலில் கிடக்கிறது. பேத்தி அதன்மேல் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

உங்கள் வீட்டில் அப்படி நேர வேண்டாம். அடுத்த இதழில் சந்திப்போம்.