இசைவு கேட்கத் தில்லிக்கோ?

குமரிமுனை உழவர் ஒருவர் நிலவழக்கொன்றில் உயர் முறைமன்றத்தின் மதுரை ஆயத்தில் தோற்றார் என்க. அதற்கு மேலும் முறையிடுதல் அவர்க்குத் தானே வாய்த்த உரிமையன்று. இசைவு பெற்றே நுழைதல் வேண்டும். அவ்விசைவு வேண்டுகையைக் கேட்டறியும் ஆயம் யாது?

வாயில்கள் இரண்டு உள. ஒன்று, தீர்ப்பளித்த அதே ஆயத்திடம் அப்போதே சான்று கேட்டல். 1978-இன் 44-ஆம் திருத்தம் புகுத்திய 134அ பிரிவு இதனை வாய்மொழியாகவே கேட்க இடந்தருகின்றது. ஆனால், தம் தீர்ப்பின்மேல் ஐயமெழுப்பத் தாமே இசையும் நடுவர் அரியர். முன்பெல்லாம் உரிமையியல் வழக்கின் மதிப்பு 20,000 உருபா எனின், அதுவும் சான்றுக்கு ஒரு வழியாயிருந்தது. 1972-இன் 30-ஆம் திருத்தம் அதனை அடைத்தது. பொதுமுதன்மை வாய்ந்த சட்ட வினா இருந்தாலன்றி இன்று அவ்வாயில் திறவாது.

மற்றொன்று 136-ஆம் பிரிவு. தொண்ணூறு நாளுக்குள் தில்லி உச்ச முறைமன்றத்தில் வேண்டுகை இடல் வேண்டும். அங்கே பெரும்பாலும் இரு நடுவர் ஆயமொன்று, சில மணித்துளிகளில், கரணியம் கூறாமலேயே அதனைத் தள்ளிவிடலாம். எந்த நடுவர்க்கு எவ்வழக்கு என்று பகுப்பவர் தலைமை நடுவர் ஒருவரே. அவ்வதிகாரம் அவர்க்கே உரியதென உச்ச முறைமன்றம் 2018 சூலையில் உறுதிப்படுத்தியது. ஆயம் தில்லியிலன்றிப் பிறவிடத்தும் அமரலாமா என்பதும் அவர் கையதே! குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு வேறிடத்தையும் அவர் குறிக்கலாம் என்கின்றது 130-ஆம் பிரிவு. தென்னாட்டில் நிலையான ஆயம் அமைக்க அவ்வதிகாரத்தை இன்றுவரை ஒருவரும் பயன்படுத்தினாரல்லர்.

2009-இல் சட்ட ஆணையம் தன் 229-ஆம் அறிக்கையில் வழியும் காட்டிற்று. அரசமைப்பு வழக்குகள் தில்லியில் நிற்க, மேல்முறையீடுகளைக் கேட்க நான்கு வட்டார ஆயங்கள் அமைக. தெற்கிற்குச் சென்னையோ ஐதராபாத்தோ இடமாகுக என்றது. நடுவர் முழுக்கூட்டம் 2010-இல் அதனை ஏற்கவில்லை. 2016-இல் மேல்முறையீட்டுக்கெனத் தனி மன்றம் வேண்டும் என்ற வழக்கொன்று அரசமைப்பு ஆயத்திற்கு அனுப்பப்பட்டது.

மன்றத்தின் ஒருமை சிதையும் என்பது மறுப்போர் கூற்று. தில்லிக் கட்டடத்துள்ளேயே பல ஆயங்கள் ஒரே நாளில் தனித்தனியே அமர்கின்றனவே, அங்குச் சிதையாத ஒருமையா சென்னையிற் சிதையும்? 2004 சூலை 24 அன்று மதுரை ஆயம் தொடங்கிற்று. அதன் எல்லை 13 மாவட்டங்கள் என முன்கூட்டியே வரையப்பட்டது. வழக்கெழுந்த இடமே ஆயத்தைக் காட்டுகின்றது. குமரி உழவர் உயர் முறைமன்றம் நாடிச் சென்னைக்கு அலைவதும் ஒழிந்தது. அதனால் சென்னை உயர் முறைமன்றம் இரண்டாகிவிடவில்லை.

2020-இன் கொரோனாக் காலந்தொட்டுக் காணொலி உசாவல் உள்ளதே, தொலைவேது என்பாரும் உளர். வழக்கறிஞரின் வழிச்செலவை அது குறைத்தது உண்மையே. ஆனால், வழக்கறிஞருள் அங்கு வேண்டுகை இடத்தக்கவர் பதிவு வழக்கறிஞர் மட்டுமே. அவர்க்கோ உச்ச முறைமன்றத்திலிருந்து 16 கி.மீ. சுற்றளவுக்குள் தில்லியில் அலுவலகம் இருத்தல் வேண்டும்! மதுரையில் அவ்வழக்கை நடத்தி அதன் நுட்பமெல்லாம் அறிந்தவர், அறியாத ஒருவரைத் தேடிப் பிடித்துக் கூலி கொடுக்க வேண்டும். தமிழிலுள்ள விலையாவணமும் சான்றுரையும் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டே அங்கு ஏறும். பெயர்ப்புக் கூலியும் உழவர் தலையிலேயே! உயர் முறைமன்றத்திலாவது தமிழ் வேண்டுமென 2006-இல் நம் சட்டமன்றம் தீர்மானித்தது. அதற்கே தில்லி இசையவில்லை.

348-ஆம் பிரிவின்படி உச்ச முறைமன்றத்தின் மொழியை மாற்ற நாடாளுமன்றச் சட்டம் வேண்டும். அதற்குக் காலம் ஆகலாம். சென்னையில் ஓர் ஆயம் அமர அஃதொன்றும் வேண்டா. தலைமை நடுவரின் குறிப்பும் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுமே போதும். தென்மாநிலச் சட்டமன்றங்கள் இதனைக் கூடிக் கேட்கட்டும். ஆயத்தின் எல்லை எவை, எவ்வகை வழக்குகள் என்பனவற்றை மதுரைக்கு வரைந்தது போலவே முன்னரே எழுதி வெளியிடுமாறும் சேர்த்துக் கேட்கட்டும்.