கழுத்தில் நெறி கட்டினால் டிபி-தானா? 'டாக்ஸோ பாசிட்டிவ்' ரிப்போர்ட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

கழுத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு உருண்டை. பெரிதாக வலி இல்லை. ஒரு மாதமாகியும் கரையவில்லை. 'நெறி கட்டியிருக்கு' என்று வீட்டில் சொல்லும் இந்த வீக்கத்தைப் பார்த்ததும் முதலில் எழும் சந்தேகம் டிபி, அடுத்து புற்றுநோய். சந்தேகப்படுவதில் தப்பில்லை. நுரையீரலைத் தாண்டி டிபி அதிகம் தாக்கும் இடங்களில் நிணநீர் முடிச்சுகள் முக்கியமானவை.

ஆனால், இதே மாதிரி நெறி கட்ட வைக்கும் இன்னொரு தொற்றும் உண்டு. பெயர், டாக்ஸோபிளாஸ்மோசிஸ். காரணம், பூனையின் குடலில் பெருகி மலத்தில் வெளியேறும் ஒட்டுண்ணி. மண், தண்ணீர், கழுவாத காய்கறி, சரியாக வேகாத இறைச்சி வழியாக மனிதர்களுக்கு வரும். பெரும்பாலானோருக்கு அறிகுறியே இருக்காது. இருப்பவர்களிடம் அதிகம் தெரிவது கழுத்து நெறிதான்.

"எங்க வீட்ல பூனையே இல்லையே?"

அதை வைத்து மட்டும் இந்த நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கனடாவின் விக்டோரியா நகரில் 1995-ல் இந்தத் தொற்று பரவியபோது, நகரின் குடிநீர் மீதுதான் சந்தேகம் விழுந்தது. அப்போது கண்டறியப்பட்ட 100 பேரில் 51 பேருக்கு நெறி கட்டியிருந்தது. நம்ம கோவையிலும் 2004-05-ல் இதே ஒட்டுண்ணியால் 248 பேருக்குக் கண் பாதிக்கப்பட்டது ஆய்விதழில் பதிவாகியுள்ளது. அங்கேயும் குடிநீர் மீதுதான் சந்தேகம்.

ரத்தப் பரிசோதனை என்ன சொல்லும்?

குழப்பம் தொடங்குவதே இங்கேதான். ஐஜிஜி, ஐஜிஎம் என்ற இரண்டு எதிர்ப்பொருட்களைப் பார்ப்பார்கள். பல வாரமாக வீக்கம் இருந்தும் இரண்டும் நெகட்டிவ் என்றால், காரணம் அநேகமாக டாக்ஸோ இல்லை. ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால், எப்போதோ வந்துபோன பழைய தொற்று. இப்போதைய நெறிக்கு வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் புதுத் தொற்று என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது ஒரு வருடத்துக்கு மேலும் ரத்தத்தில் தங்கலாம், தவறாகவும் பாசிட்டிவ் காட்டலாம். இந்த டெஸ்ட்டை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என அமெரிக்காவின் எஃப்டிஏ 1997-லேயே மருத்துவர்களை எச்சரித்தது. அடுத்த கட்டமாக ஐஜிஜி அவிடிட்டி டெஸ்ட் உதவும். அதில் அளவு அதிகமாக வந்தால் தொற்று குறைந்தது மூன்று, நான்கு மாதம் பழையது. போன மாதம் வந்த நெறிக்கு அது காரணமல்ல. அளவு குறைவாக வந்தாலும், அதை மட்டும் வைத்துப் புதுத் தொற்று என்று உறுதி செய்ய முடியாது.

ஊசி போட்டு எடுத்துப் பார்த்தால்?

அங்கும் ஒரு சிக்கல். டிபி-யில் தெரியும் எபிதீலாய்டு செல்கள் டாக்ஸோவிலும் கூட்டமாகத் தெரியலாம். ஒட்டுண்ணி கண்ணில் படுவது அபூர்வம். அதனால்தான் எடுத்த மாதிரியை சிபிநாட் போன்ற டிபி சோதனைக்கும் அனுப்புவது முக்கியம்.

இது தெளிவாகாமல் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று டிபி மாத்திரை தொடங்கினால், ஆறு மாதம் சாப்பிட வேண்டும். கல்லீரல் பாதிக்கும் அபாயமும் உண்டு. இதில் ஒரு வேடிக்கை, ஆரோக்கியமானவர்களுக்கு டாக்ஸோ நெறி பெரும்பாலும் மருந்தே இல்லாமல் சில வாரங்களில், சில மாதங்களில் வற்றிவிடும். நெறி கரைந்ததும் 'மாத்திரை கேட்டுச்சு, அப்போ டிபி-தான்' என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள்!

மறுபக்கமும் இருக்கிறது. பழைய டாக்ஸோ பாசிட்டிவைக் காட்டி 'தானா சரியாயிடும்' என்று விட்டால், உண்மையான டிபி-யோ லிம்போமாவோ கவனிக்கப்படாமல் போகும். கெட்டியான வீக்கம், காறை எலும்புக்கு மேல் வீக்கம், இரவு வியர்வை, எடை குறைவு இருந்தால் ரத்த ரிப்போர்ட் என்ன சொன்னாலும் பயாப்ஸி பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கர்ப்பிணிகளும் எச்ஐவி உள்ளவர்களும் காத்திருக்கக் கூடாது. ஒருவருக்குக் கருவையும் மற்றவருக்கு மூளையையும் இந்தத் தொற்று பாதிக்கலாம். நெறியோடு பார்வையும் மங்கினால், அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.