பேய் மேல் பழி போடாதீர்கள்!



பிடித்த பண்டிகை எது என்று கேட்டால் எல்லோரும் பொங்கல், தீபாவளி என்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது மயானக் கொள்ளை. மாசி மாதம் மகா சிவராத்திரி முடிந்து மறுநாள் அமாவாசையில் வரும். விழுப்புரம் மாவட்டம் மேல்மலையனூரில்தான் இது பெரிய விசேஷம். நம் பக்கத்தில் அங்காளம்மன் கோவில் இருக்கிற பல ஊர்களிலும் நடக்கும். காளி வேஷம் போட்டவர்கள் நாக்கைத் துருத்திக்கொண்டு, பம்பை உடுக்கையோடு சுடுகாட்டுக்கு ஆடிக்கொண்டே போவார்கள். கொழுக்கட்டை, சுண்டல், காய்கறி, சில்லறைக் காசு எல்லாம் சூறை விடுவார்கள். பயமாகவும் இருக்கும், ஜாலியாகவும் இருக்கும்.

ஆனால் வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் நிறைய பேர் அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். "வயசுப் பொண்ணு சுடுகாட்டுப் பக்கம் போனா பேய் புடிச்சிக்கும்" என்று எங்க ஆயா சொல்லும். ஆறாவது படிக்கிற என் தம்பி மட்டும் முதல் ஆளாக ஓடுவான். ஆம்பளையா பொம்பளையா என்று பார்த்துத்தான் பேய் பிடிக்குமா?

அந்தக் கதையை யோசித்துப் பாருங்கள். சிவன் பிரம்மாவின் ஐந்தாவது தலையைக் கிள்ளினார். அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டு, பிச்சையாக வந்த சோற்றையெல்லாம் தின்றுவிட்டது. அவரால் அதை விடுவிக்க முடியவில்லை. அங்காளம்மன்தான் சோற்று உருண்டையைக் கீழே இறைத்தாள். சாப்பிடக் கபாலம் கீழே இறங்கியதும் காலால் மிதித்து அடக்கினாள். சுடுகாட்டுக்குப் போய் ஜெயித்தவள் ஒரு பெண். அவளுக்கு எடுக்கிற விழாவில், பேயை விரட்டுகிற நாளில், பெண்பிள்ளைகளைப் பேய்க்குப் பயந்து உள்ளே வைப்பது என்ன நியாயம்?

அம்மாவிடம் இதைக் கேட்டேன். அம்மா உண்மையைச் சொல்லிவிட்டார்கள். "பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. கூட்டத்துல கண்டவன் இடிப்பான், அதான் பயம்" என்றார்கள். அப்படியென்றால் அதையே நேராகச் சொல்லலாமே! பாவம், பேய் மேல் ஏன் பழி போட வேண்டும்? இடிக்கிறவனை விட்டுவிட்டு எங்களை உள்ளே வைத்தால் அவன் எப்படித் திருந்துவான்? இதைப் படிக்கும் அண்ணன்களும் தம்பிகளும் கோபப்படாமல் யோசிக்க வேண்டும். கூட்டத்தில் நீங்கள் ஒழுங்காக இருந்தால், கூட வருகிறவனையும் கண்டித்தால், நாங்களும் வரலாம்.

அது வரைக்கும் வீட்டில் இருப்பவர்கள் மூலையில் உட்கார்ந்து அழ வேண்டாம். விழாவை வீட்டுக்குக் கொண்டுவந்து விடலாம். நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் செய்ததைச் சொல்கிறேன்.

சுடுகாட்டில் மண்ணால் பெரியாயி உருவம் படுத்த மாதிரி செய்வார்கள் அல்லவா? நாங்கள் தோட்டத்து ஈர மண்ணில் சின்னதாக ஒன்று செய்து மஞ்சள், குங்குமம் வைத்தோம். பிறகு ரத்தம் செய்தோம்! மஞ்சள் தண்ணீரில் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்தால் சிவப்பாகிவிடும். அதிலேயே எலுமிச்சம்பழம் பிழிந்தால் மறுபடியும் மஞ்சளாகும். அறிவியல் பாடத்தில் வருகிற இயற்கை நிறங்காட்டிதான் இது. (முகத்தில் பூசாதீர்கள், எரியும்.) கத்தியில் செம்பருத்திப் பூவை நன்றாகத் தேய்த்துக் காயவிட்டு எலுமிச்சம்பழத்தை அறுங்கள். சிவப்பாக வடியும். மந்திரம் என்று சொன்னால் சின்னப் பிள்ளைகள் நடுங்குவார்கள். அப்புறம் காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் நாளைக்கு யாரும் அவர்களை ஏமாற்ற முடியாது.

சாயங்காலம் திண்ணையில் ஆயா பேய்க் கதை சொல்லும். நடக்க முடியாததால் அதுவும் விழாவுக்குப் போகாது. கதை முடிந்ததும் கொழுக்கட்டையைச் சூறை விட்டோம். கடைசிக் கொழுக்கட்டையைப் பிடித்தது ஆயாதான்!

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதனால் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர்வலம் பட்டப்பகலில்தான் போகிறது. அடுத்த மாசியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நாங்களும் வருகிறோம். வீட்டில் விளையாடுவது எங்கள் விருப்பமாக இருக்கட்டும், தண்டனையாக இருக்க வேண்டாம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி