பணம் எங்கடா போச்சு?



போன வருடம் தங்கையின் விண்ணப்பக் கட்டணம் 250 ரூபாயை அம்மாவின் கணக்கிலிருந்து ஆன்லைனில் கட்டினேன். பணம் போய்விட்டது, திரையில் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. பயந்துபோய் இன்னொரு தடவை கட்டினேன். மறுபடியும் 250 போச்சு! "நீதானடா கம்ப்யூட்டர் படிக்கிற? பணம் எங்கடா போச்சு?" என்று அம்மா கேட்டார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். பதில் தெரியாமல் நின்றேன்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துவிடும் சொற்களுக்குள்தான் அம்மாவின் கூலி மாட்டிக் கிடந்தது.

அட்டையில் பணம் இருக்கிறது, ஒதுக்கியாச்சு என்று வங்கி சொல்வது ஆதரைசேஷன். ஒதுக்கியதை எடுப்பது கேப்சர். அது வியாபாரியின் கணக்கில் போய்ச் சேர்வது செட்டில்மென்ட். மூன்றும் ஒன்றல்ல. நாமோ திரையில் 'சக்சஸ்' என்று வந்ததும் எல்லாம் முடிந்தது என்று எழுதிவிடுகிறோம்.

வெப்ஹுக் என்பது பேமென்ட் கேட்வே நேரடியாக நம் சர்வருக்கு அனுப்பும் தகவல். நடுவில் பிரௌசர் மூடினாலும் அது வரும். ஆனால் அதிலுள்ள கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் 'பணம் கட்டியாச்சு' என்று பொய்ச் செய்தி அனுப்பலாம். ஒரே கோரிக்கை இரண்டு தடவை வந்தாலும் ஒரு தடவைதான் பணம் எடுக்க வேண்டும் என்பதற்கான அடையாளம் ஐடெம்பொடென்சி கீ. இதையும், முதல் பேமென்ட் என்ன ஆச்சு என்று விசாரிக்கும் நாலு வரியையும் எழுதியிருந்தால் இரண்டாவது 250 போயிருக்காது.

அட்டை எண்ணுக்குப் பதிலாக வைப்பது டோக்கன். 2022 அக்டோபர் 1 முதல் விற்பனைத் தளங்கள் அட்டை எண்ணைச் சேமிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பணம் பிடித்தும் கடைக்கு உறுதி வரவில்லையென்றால், 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. இது 2019 செப்டம்பரில் வந்த உத்தரவு. எங்களுக்கும் 5ஆம் நாள் 250 திரும்பி வந்தது. ஆனால் அந்த 5 நாளும் அம்மா பட்ட கவலையை யார் திருப்பித் தருவது?

"லைப்ரரி பாத்துக்கும், காப்பி அடிச்சா போதும்டா" என்று சொல்லும் நண்பர்களே, லைப்ரரி பணத்தை எடுக்கும். எடுத்த பிறகு என்ன செய்வது என்பதை நாம்தான் எழுத வேண்டும். டெஸ்ட் மோடில் ஜெயித்ததை மட்டும் காட்டிக் கைதட்டல் வாங்குகிறோம். இனி பிராஜெக்ட் வைவாவில் மூன்றைக் கட்டாயம் காட்டச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து: தோற்ற பேமென்ட், பாதியில் நின்ற பேமென்ட், இரண்டு முறை அழுத்திய பட்டன்.

நண்பர்களே, இந்தச் சொற்களை வீட்டில் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பாருங்கள். அவர்களுக்குப் புரிந்தால் நமக்கும் புரிந்துவிட்டது என்று அர்த்தம். நாளைக்கு நாம் எழுதப்போகும் தளத்தில் கூலிப் பணம் கட்டுகிறவர்கள் அவர்கள்தானே!