மதவெறியர் என்று முத்திரை குத்தியவன் யார்?



2025 ஜூனில் இஸ்ரேல் விமானங்கள் ஈரான் மீது குண்டு வீசின. பத்து நாள் கழியுமுன் அமெரிக்காவும் சேர்ந்துகொண்டு ஈரானின் அணு நிலையங்கள் மூன்றைத் தாக்கியது. அது முதல் நம் அபர்டீன் பஜார் டீக்கடைகளில் ஒரே பேச்சு. "துலுக்கன் இருக்கிற இடத்தில் சண்டை ஓயாது அண்ணே, அவன் மதமே அப்படி" என்கிறார் ஒருவர். ராமநாதபுரத்துக் கொத்தனார், உழைப்பாளி, சங்கத்துக்குச் சந்தா பாக்கி வைக்காதவர். அதோடு விட்டாரா? "நம்ம வண்டூர்க்காரனைப் பாருங்க. அவன் தாத்தாவே கலவரக்காரன்தானே? அதனாலேதானே வெள்ளைக்காரன் கப்பல் ஏத்தினான்?" என்கிறார். கேட்டவர்கள் தலையாட்டுகிறார்கள். பேச்சு பேச்சோடு நிற்கவில்லை. நம்மவரில் வீடு வைத்திருக்கும் சிலர், வாடகைக்குக் கேட்டு வருபவரிடம் முதலில் பெயரைக் கேட்கிறார்கள். பெயரைக் கேட்டதும் வீடு காலியில்லை என்கிறார்கள்.

வெள்ளைக்காரன் கப்பல் ஏற்றினான் என்பது உண்மை. ஏன் ஏற்றினான்? எவரைக் கொன்றது போக மிச்சத்தை ஏற்றினான்? அவன் குற்றப்பத்திரிகையில் எழுதி வைத்துப் போனதை நூறு வருஷம் கழித்து ஒரு தமிழ்த் தொழிலாளி வாயால் கேட்பது வெட்கக்கேடு இல்லையா?

தெற்கு அந்தமானில் பஸ் போகும் ஊர்களின் பெயரைப் பாருங்கள். வண்டூர், மஞ்சேரி, திரூர், மண்ணார்காடு, கள்ளிக்கோட்டை. எல்லாம் மலபார்ப் பெயர்கள். 1921 கிளர்ச்சியில் பிடிபட்டு இங்கே கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளை முஸ்லிம்கள், திரும்பிப் போக முடியாத ஊரின் பெயரைக் காட்டை வெட்டித் திருத்திய நிலத்துக்கு வைத்தார்கள்.

கதை மலபாரில் தொடங்கவில்லை. முதல் உலகப் போரில் துருக்கி சுல்தான் ஜெர்மனியோடு சேர்ந்தார். அவரே உலக முஸ்லிம்களின் கலீபா. அவருக்கு எதிராகச் சண்டையிட பிரிட்டனுக்கு இந்திய முஸ்லிம் சிப்பாயும் வேண்டும். ஆகவே புனிதத் தலங்களுக்குத் தீங்கு வராது என்று வாக்களித்தார்கள். துருக்கியர் வாழும் நிலத்தையும் தலைநகரையும் பறிக்க மாட்டோம் என்று 1918 ஜனவரியில் பிரதமர் லாயிட் ஜார்ஜ் பகிரங்கமாகவே பேசினார். ஆனால் 1916-லேயே பிரிட்டனும் பிரான்சும் அரபு நாடுகளைத் தமக்குள் பங்கு போட்டு ரகசிய ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது. 1917-இல் பாலஸ்தீனத்தில் யூதருக்குத் தாயகம் அமைக்க ஆதரவு என்று பால்பர் கடிதம் கொடுத்தார். 1920 ஆகஸ்டில் செவ்ர் ஒப்பந்தம் துருக்கியையே கூறு போட்டது. வாக்குக் கொடுத்தவனே வெட்டினான். இதை எதிர்த்து எழுந்ததுதான் கிலாபத் இயக்கம். மவுலானா முகமது அலியும் சவுகத் அலியும் தலைமை தாங்க, காந்தியடிகள் கூடவே நின்றார். நம் சென்னை யாகூப் ஹசன் 1921 பிப்ரவரியில் கள்ளிக்கோட்டையில் பேசப்போய்ச் சிறை சென்றார்.

மலபாரில் இந்த நெருப்பு ஏன் இப்படிப் பிடித்தது? ஏறநாடு, வள்ளுவநாடு தாலுக்காக்களில் நிலம் ஜன்மிகளுடையது. உழுதவரில் பெரும்பகுதி மாப்பிள்ளைகள். குத்தகை எந்த அறுவடையோடும் பறிபோகலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கவே அங்கே கிளர்ச்சிகள் நடந்தன. 1854-இல் சர்க்கார் அதற்கென்று தனிச் சட்டம் போட்டது. பெயரே 'மாப்பிள்ளை அட்டூழியச் சட்டம்'! வெறி என்ற முத்திரை சட்டப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது. ஆனால் அவர்களுடைய அதிகாரி வில்லியம் லோகனே 1882-இல் ஆராய்ந்து, வேர் நிலத்தில்தான் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். சர்க்கார் அதைத் தூக்கிப் பரண் மேல் போட்டது.

1921 ஆகஸ்ட் 20-இல் பட்டாளம் திரூரங்காடியில் புகுந்தது. கிளர்ச்சி வெடித்தது. ராணுவச் சட்டம் வந்தது. அரசுக் கணக்கிலேயே கொல்லப்பட்ட கிளர்ச்சிக்காரர்கள் 2,300-க்கு மேல். ஆலி முஸ்லியார் 1922 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டது எங்கே தெரியுமா? நம் கோயம்புத்தூர்ச் சிறையில்.

ஒன்றை மறைக்க எனக்குச் சம்மதமில்லை. அந்தக் கிளர்ச்சியில் ஏழை இந்துக்களும் கொல்லப்பட்டார்கள். பலவந்த மதமாற்றம் நடந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அகதிகளாக ஓடின. காந்தியடிகள் கண்டித்தார். அதை இல்லையென்று சொல்பவன் முஸ்லிம்களுக்கும் நண்பன் இல்லை. ஆனால் அதை மட்டுமே சொல்பவனைக் கேட்கிறேன்: எம்.பி. நாராயண மேனன் என்ற இந்து, காங்கிரஸ்காரர், இந்தக் கிளர்ச்சியின் பெயரால் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தாரே, அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பாய்?

இனி வருவது என் இலாகா விஷயம். தண்டவாளமே இல்லாத தீவில் ரயில் டிக்கெட் பதிந்து கொடுக்கும் குமாஸ்தா நான். மெட்ரிகுலேஷன்தான் படிப்பு, ஆனால் பெட்டிகளைப் பற்றித் தெரியும். லக்கேஜ் வேனில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று எழுதியிருக்கும். எத்தனை மனிதர் என்று எழுதியிருக்காது. 1921 நவம்பர் 19 மாலை திரூர் ஸ்டேஷனில், மதராஸ் தென்மராட்டா ரயில்வேயின் 1711-ஆம் எண் வேனில் நூறு கைதிகளை அடைத்துப் பூட்டினார்கள். பெல்லாரிச் சிறைக்கு அனுப்ப ஏற்பாடு. அவர்களில் இந்துக்களும் இருந்தார்கள். கள்ளிக்கோட்டையிலிருந்து சென்னை போகும் பாசஞ்சரில் அந்த வேனைக் கோத்தார்கள். ஷொர்ணூரில் வண்டி நின்றது, கதவைத் திறக்கவில்லை. ஒலவக்கோட்டில் நின்றது, அங்கேயும் திறக்கவில்லை. நள்ளிரவு தாண்டிப் போத்தனூரில் திறந்தபோது ஐம்பத்தாறு பேர் பிணம். பிறகு செத்தவர்களையும் சேர்த்து எழுபது. ஆணி கழன்ற துளையில் மூக்கை வைத்து உயிர் தப்பியதாகப் பிழைத்த ஒருவர் பின்னாளில் சொன்னார்.

விசாரணைக் கமிட்டி உட்கார்ந்தது. வேனின் காற்று வலை பெயிண்டாலும் தூசியாலும் அடைத்திருந்ததாம். அதுதான் காரணமாம். மனிதரை லக்கேஜ் வேனில் ஏற்றியதே குற்றம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை; அதற்கு முன்பும் பலமுறை அப்படித்தான் ஏற்றியிருந்தார்கள். ஒரு சார்ஜெண்ட் மேல் வழக்குப் போட்டார்கள், அவரும் தப்பினார். எழுபது உயிருக்கு ஒருவரும் தண்டனை அனுபவிக்கவில்லை. இதில் மதவெறியன் யார்?

அந்தமான் தண்டனைக் குடியிருப்பை மூடிவிட வேண்டும் என்று அப்போதுதான் சிறைக் கமிட்டி சொல்லியிருந்தது. மலபார்க் கைதிகளால் இந்தியச் சிறைகள் நிரம்பி வழிய, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை 1922 முதல் இங்கே இறக்கினார்கள். பின்பு குடும்பங்களையும் வரவழைத்தார்கள். நிலத்தைத் திருத்தக் கூலியில்லாத கை வேண்டும் அல்லவா? கொடுமையைக் கேளுங்கள். இவர்கள் இங்கே மரம் வெட்டிக்கொண்டிருந்த 1924 மார்ச்சில், முஸ்தபா கமாலின் துருக்கி சட்டசபையே கலீபா பதவியை ஒழித்துவிட்டது. எந்தச் சிம்மாசனத்துக்காகச் சிறை வந்தார்களோ அது போய்விட்டது. சிறை போகவில்லை.

இனி ஈரானுக்கு வருவோம். 1951-இல் மொசாதெக் எண்ணெயை நாட்டுடைமை ஆக்கினார். 1953-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் சதி செய்து அவரைக் கவிழ்த்தன. ஷாவின் ஆட்சியில் கட்சிக்கும் சங்கத்துக்கும் இடமில்லை. சங்கம் வைக்க விடாத நாட்டில் ஜனங்கள் கூட மிஞ்சியது பள்ளிவாசல்தான். அப்படியும் 1978-இல் ஷாவின் முதுகை முறித்தது எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம். நம் பத்திரிகைகள் இதை எழுதுவதில்லை. அதன்பின் வந்த மதகுரு ஆட்சி அதே தொழிலாளர் கவுன்சில்களை நசுக்கியது, 1988-இல் ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகளைக் கொன்றது. அதற்கு வக்காலத்து வாங்க நான் தயாரில்லை. ஆப்கானிஸ்தானில் 1979 டிசம்பரில் சோவியத் பட்டாளம் நுழைந்தது. அமெரிக்கா பாகிஸ்தான் வழியாக முஜாஹிதீன்களுக்குத் துப்பாக்கி கொடுத்தது. சோஷலிசம் பேசிய வல்லரசு என்பதற்காக நாம் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. 2003-இல் அமெரிக்கா ஈராக்கில் புகுந்தது. அந்த இடிபாட்டில் முளைத்த ஐ.எஸ். கும்பல், 2014-இல் மோசூலில் நம் நாட்டுக் கட்டடத் தொழிலாளர் முப்பத்தொன்பது பேரைக் கொன்றது. பஞ்சாப், இமாச்சலம், பீகார், வங்காளத்து ஏழைகள். நம் கொத்தனார் அண்ணனைப் போல வேலை தேடிப் போனவர்கள். அவர்கள் இறந்தது உறுதியென்று 2018 மார்ச்சில்தான் பாராளுமன்றத்தில் அறிவித்தார்கள்.

நமக்கென்ன என்று கேட்பவர் கச்சால் தீவை நினைத்துப் பார்க்கட்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் தலைமுறையாகப் பாடுபட்ட தமிழர்களை, 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒரு காகிதத்தில் எண்ணிக்கை போட்டுப் பிரித்தார்கள். அவர்களில் சிலர் கச்சால் ரப்பர்த் தோட்டத்தில் வந்து விழுந்தார்கள். அவர்களையாவது யார் கேட்டார்கள்?

2018-இல் திரூர் ரயில் நிலையச் சுவரில் அந்த வேன் கொடுமையைப் படமாக வரைந்தார்கள்; எதிர்ப்புக் கிளம்பவே சில நாளில் ரயில்வே நிர்வாகம் அதை அழித்துவிட்டது. 2021-இல் இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கவுன்சிலின் குழு ஒன்று, தியாகிகள் அகராதியிலிருந்து மலபார்க் கிளர்ச்சிக்காரர் 387 பேரை நீக்கப் பரிந்துரைத்தது. வெள்ளைக்காரன் குத்திய முத்திரைக்கு நம்மவரே மை தொட்டுக் கொடுக்கிறார்கள்.

அடுத்த பொதுக்குழுவில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். வாடகைக்கு வீடு விடும் நம் உறுப்பினர் எவரும் மதம் கேட்டு மறுக்கக்கூடாது. மறுத்தால் சங்கம் விளக்கம் கேட்கும். கொத்தனார் அண்ணனையும் வரச்சொல்லியிருக்கிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் டீக்கடையில் பேசியதை மேடையில் வந்து பேசட்டும்.