வைரஸைப் படித்தால் பிள்ளை கெட்டுப்போவானா?

கம்ப்யூட்டர் வைரஸ் எப்படி இயங்குகிறது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் திருடப் பழகிவிடுவார்கள் என்றொரு பேச்சு உண்டு. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே வன்னியம்பட்டி வட்டாரத்திலிருந்து கம்ப்யூட்டர் படிக்கப் போகும் பிள்ளைகளுக்காகவே இதை மறுத்து எழுதவேண்டியிருக்கிறது.

"நம்ம ஊரில் திருட என்ன இருக்கு?" என்பது முதல் வாதம். மில் தொழிலாளியின் சம்பளக் கணக்கு இருக்கிறதே! வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வருகிறது. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ இருக்கவேண்டும். இதன் பெயரோ 'ஏபிகே' என்று முடிகிறது. அதாவது அது ஒரு செயலி. தொட்டு இன்ஸ்டால் செய்தால், எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி உங்களுக்கு வரும்போதே திருடனுக்கும் போய்விடும். தெரிந்தவர் எண்ணிலிருந்துதானே வந்தது என்பீர்கள். அவர் போன் முன்பே சிக்கியிருக்கலாம். பிஎம் கிசான் பெயரிலும் போக்குவரத்து அபராதத்தின் பெயரிலும் இதே வித்தைதான். கோப்பின் பெயரைப் பார்த்ததும் "தொடாதீங்கப்பா" என்று சொல்ல வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் பணம் தப்பும். அந்தப் பிள்ளைக்கு இது தெரியக்கூடாது என்கிறார்கள்!

அடுத்தது, இதையெல்லாம் பெரிய இடத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்பது. கூடங்குளத்தைவிடப் பெரிய இடம் நம் பக்கத்தில் ஏது? 2019 அக்டோபர் 29 அன்று, கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி இணைப்பு இல்லாதவை, அவற்றின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமில்லை என்று அணுமின் நிலையம் அறிக்கை விட்டது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தன் கணினி ஒன்றில் தீநிரல் இருந்தது உண்மைதான் என்றது. நாட்டின் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு அதை செப்டம்பர் 4-ஆம் தேதியே தெரிவித்திருந்தது. சிக்கியது நிர்வாக வேலைக்கான கணினி. உலையின் கட்டுப்பாட்டு வலையமைப்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றது கழகம். இருக்கட்டும். ஆனால் வெளி இணைப்பு இல்லை என்பதே காப்பு ஆகிவிடாது. ஈரானின் நடான்ஸ் ஆலையிலும் இணைய இணைப்பு கிடையாது. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் அங்கேயும் புகுந்து யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களைக் கெடுத்தது. யுஎஸ்பி வழியாகவும் பரவக்கூடிய நிரல் அது.

கடைசி வாதம்தான் கனமானது: தெரிந்தால் செய்வான். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற தீநிரல் உலகமெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற பிரிட்டன் இளைஞர் அந்த நிரலைப் பிரித்துப் பார்த்தார். யாரும் பதிவு செய்யாத ஓர் இணைய முகவரியை அது தேடுவதைக் கண்டு, அதைத் தன் பெயரில் பதிந்தார். பரவல் அடங்கியது. அதே ஹட்சின்ஸ் பதின்வயதில் வங்கிக் கணக்குகளைக் குறிவைக்கும் குரோனோஸ் நிரலை எழுதியவர்; 2019-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். எதிர்த்தரப்பு இதைச் சுட்டிக்காட்டட்டும், நியாயம்தான். ஆனால் அவர் அதை எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. வகுப்பை மூடினால் இப்படிப்பட்டவன் நிற்கமாட்டான். அவனைத் தடுக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவார்கள்.

நம் சட்டமும் அறிவைத் தண்டிக்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதியின்றி கணினியில் வைரஸைப் புகுத்துவதைத்தான் தடுக்கிறது. கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு ஓட்டையைத் தேடிச் சொல்பவனுக்குத் தனிப் பாதுகாப்பும் அதில் இல்லை. மாணவர்களிடம் முதல் வகுப்பிலேயே சொல்லவேண்டியது இது.

எனவே பெற்றோரே, பாடத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். வலையமைப்பிலிருந்து துண்டித்த ஆய்வகத்தில், 43-ஆம் பிரிவையும் சேர்த்துக் கற்பிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கல்யாணப் பத்திரிகை ஏற்கெனவே போனில் இறங்கிப் பணம் போயிருந்தால், நெட்டை அணைத்துவிட்டு வேறு போனிலிருந்து சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே அழையுங்கள்.