கண்டதும் கேட்டதும்

‘பிழைத்தோரே முரண்பட்டால் எதை நம்புவது?’ என்று பாகூர் நண்பர் ஒருவர் நம்மிடம் வினவினார். பேச்சு, குட்டிமணியின் மரணம் பற்றியது.

1983 ஜூலை 25, 27 ஆகிய நாள்களில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். தூக்குத் தண்டனை பெற்றபோது தம் கண்களைத் தானம் செய்யக் கோரிய குட்டிமணியும் முதல் நாளிலேயே மாண்டார். அக்கண்கள் தோண்டப்பட்டன என்பர். எப்போது, எவரால் என்பதில் கூற்றுகள் வேறுபடுகின்றன. வியப்பில்லை, அவரிருந்த பகுதியில் எவரும் பிழைக்கவில்லை. பிழைத்தோர் வேறு பகுதியினர்.

இதைக் காட்டிப் படுகொலையையே ஐயுறுவோருக்கு ஒன்று சொல்வோம். 1944இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் மாலா சிமெட்பாம் இறந்த விதத்தையும் பிழைத்தோர் பலவாறு கூறினர். அதனால் ஆஷ்விட்ஸ் பொய்யாகுமா?

முரண்களை மறைத்துக் காவியம் சமைக்கும் நம்மவரையும் மறுக்கிறோம். பாகூர் மூலநாதர் கோயில் கல்வெட்டில் எழுத்துச் சிதைந்த இடத்தை நாம் கற்பனையால் நிரப்புவதில்லை. உ.வே.சா. பாடவேறுபாடுகளைப் பேணிப் பதிப்பித்தார். ஏட்டுக்குக் காட்டும் நேர்மை சாட்சிக்கும் உரியதன்றோ? கண்டவர் யார், கேட்டவர் யார் எனப் பிரித்தெழுதுவோம். அக்கொலைகளுக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. நாம் மிகைப்படுத்தும் ஒவ்வொரு வரியும் கொலையாளிக்கே வழக்காடும்.